புகை சொல்லும் கணக்கு

நெருப்பில்லாமல் புகையாது என்பது நம் முன்னோர் வாக்கு. அதைச் சற்றே திருப்பிச் சொல்ல விரும்புகிறோம்: புகையை ஆராய்ந்தால் நெருப்பின் குணம் தெரியும். நெருப்பு ஒழுங்காக எரிகிறதா? எரிபொருள் வீணாகிறதா? அருகில் இருப்பவரின் உயிருக்கு ஆபத்து உண்டா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை, புகைபோக்கி வழியே வெளியேறும் கண்ணுக்குத் தெரியாத வாயுக்களிலே அடங்கியிருக்கிறது. அந்த விடையைப் படித்துச் சொல்ல உலகம் முதலில் நம்பியது பெரிய இயந்திரங்களை அல்ல. கண்ணாடிக் குமிழ்களில் அடைத்து வைத்த மூன்று திரவங்களைத்தான்.

"ஆலைக் கொதிகலனைப் பற்றிப் பெண்பிள்ளைகளுக்கு என்ன கவலை?" என்று கேட்போர் உண்டு. அவர்களை நாங்கள் ஒன்று கேட்கிறோம்: நம் நாட்டில் நெருப்போடு அதிக நேரம் பழகுகிறவர் யார்? ஆலைத் தொழிலாளி எட்டு மணி நேர வேலை முடிந்ததும் வீடு திரும்புகிறார். அம்மாவோ விடியற்காலையில் அடுப்பு மூட்டியவர், இரவு உலை இறக்கும் வரை அதன் அருகிலேயே நிற்கிறார். ஆலைப் புகையை அளக்க நூற்றைம்பது ஆண்டுகளாகக் கருவி உண்டு. அடுப்புப் புகையை அளக்கவேண்டும் என்ற எண்ணமே வெகு காலம் கழித்துத்தான் வந்தது. இந்த வேற்றுமை சரியன்று என்பதும், புகையை அளந்தறியும் அறிவு ஒவ்வொரு மாணவிக்கும் வேண்டும் என்பதுமே எங்கள் கருத்து. அதை நிலைநாட்ட முதலில் அந்த மூன்று திரவங்களையும் அறிமுகம் செய்து வைக்கிறோம்.

1870களில் பிரான்சு நாட்டில் ஆர்சாட் என்பவர் புகைவாயுவைச் சோதிக்க ஒரு கையடக்கமான கருவியை அமைத்தார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. ஒரு மரப்பெட்டி, அதனுள் 100 மில்லிலிட்டர் கொள்ளும், அளவுக் கோடுகள் இட்ட ஒரு பியூரெட், வெப்பநிலை மாறாதிருக்க அதைச் சுற்றி ஒரு நீர் உறை, ரப்பர் குழாயால் இணைந்த ஒரு நீர்ப்புட்டி, வரிசையாக மூன்று குமிழ்கள். நீர்ப்புட்டியைத் தாழ்த்தினால் புகைவாயு பியூரெட்டுக்குள் வரும். உயர்த்தினால் குமிழுக்குள் போகும். வாயுவைத் தள்ளவும் இழுக்கவும் வேறு பம்பு கிடையாது. புட்டியில் சாதாரணத் தண்ணீரும் ஊற்றுவதில்லை. கரியமில வாயு தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால், உப்பு நிறையக் கரைத்த நீரையோ சிறிது அமிலம் கலந்த நீரையோதான் பயன்படுத்துவார்கள். குமிழ்களுக்குள் மெல்லிய கண்ணாடிக் குழல்களைக் கட்டுக்கட்டாக நிறுத்தியிருப்பார்கள். அவை திரவத்தில் நனைந்து நிற்பதால் வாயு உராயும் பரப்பு பெருகுகிறது.

முதற் குமிழில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடுக் கரைசல். இது ஒரு கடுங்காரம். கரியமில வாயு அமிலத்தன்மை உடையது. இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் கார்பனேட்டும் நீரும் உண்டாகின்றன, வாயு மறைந்துபோகிறது. விலை மலிவான சோடியம் ஹைட்ராக்ஸைடு இருக்கும்போது இதை ஏன் தேர்ந்தார்கள்? சோடியம் கார்பனேட்டைவிடப் பொட்டாசியம் கார்பனேட் நீரில் மிக நன்றாகக் கரையும். ஆகவே உப்பு படிந்து நுண்குழாய் அடைத்துக்கொள்வதில்லை.

இரண்டாம் குமிழில் இருப்பது காரம் கலந்த பைரோகலால். இது பிராணவாயுவை, அதாவது ஆக்ஸிஜனை, உறிஞ்சும். இதன் பிறப்பு நம் வீட்டு மருந்துப் பெட்டிக்கு அருகில்தான் இருக்கிறது. பாட்டிமார் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காயில் நிறைந்துள்ள துவர்ப்புப் பொருளிலிருந்து காலிக் அமிலம் கிடைக்கும். அந்தக் காலிக் அமிலத்தைச் சூடாக்கி 1786இல் சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே பைரோகலாலைப் பெற்றார். காரத்தோடு சேர்ந்த பைரோகலால் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை விழுங்கும் என்பதைப் பயன்படுத்தி, 1851இல் ஜெர்மனியின் லீபிக் ஆக்ஸிஜனை அளக்கும் முறையை வகுத்தார். ஆக்ஸிஜனை உறிஞ்ச உறிஞ்ச இக்கரைசல் கறுத்த பழுப்பு நிறம் கொள்ளும். வெளிக்காற்றைத் தொட்டாலே தன் ஆற்றலை இழந்துவிடும் என்பதால், குமிழின் பின்பக்கத்தில் எண்ணெய்ப் படலம் ஊற்றியோ ரப்பர்ப் பை கட்டியோ இதைக் காப்பாற்றுவார்கள். குளிர்ந்த நிலையில் இது மந்தமாக வேலை செய்யும். அவசரக்காரருக்கு இது ஒத்துவராது.

மூன்றாம் குமிழில் இருப்பது அம்மோனியா கலந்த குப்ரஸ் குளோரைடுக் கரைசல். இது கார்பன் மோனாக்ஸைடைப் பிடிக்கும். ஆனால் இப்பிடி உறுதியானதல்ல. இரண்டும் தளர்வாகவே இணைகின்றன. பலமுறை பயன்படுத்திய பழைய கரைசல், பிடித்த வாயுவைத் திருப்பி விட்டுவிடவும் கூடும். அதனால் சிலர் இதற்கு இரண்டு குமிழ்கள் வைத்து, முதலில் பழைய கரைசலிலும் பிறகு புதிய கரைசலிலும் வாயுவைச் செலுத்துவார்கள். கரைசல் காற்றுப் பட்டுக் கெடாதிருக்க அதனுள் செப்புக் கம்பிச் சுருளைப் போட்டு வைப்பதும் வழக்கம்.

இவை மூன்றும் கழித்து எஞ்சி நிற்பதை நைட்ரஜன் என்று எழுதிக்கொள்கிறோம். நைட்ரஜனை எந்தத் திரவமும் உறிஞ்சவில்லை. மிச்சத்தையே அதன் கணக்கில் வைக்கிறோம்.

இங்கே வரிசைதான் முக்கியம். ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலக்கரி எரியும் கொதிகலனின் புகைவாயு 100 மில்லிலிட்டர் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். முதற் குமிழுக்குப் பின் 88 மிஞ்சினால் கரியமில வாயு 12 பங்கு. இரண்டாவதற்குப் பின் 81.4 மிஞ்சினால் ஆக்ஸிஜன் 6.6 பங்கு. மூன்றாவதற்குப் பின் 80.8 மிஞ்சினால் கார்பன் மோனாக்ஸைடு 0.6 பங்கு. எஞ்சிய 80.8 நைட்ரஜன்.

இதே வாயுவை ஒருவர் வரிசை மாற்றி முதலில் பைரோகலாலுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? அக்கரைசலில் காரம் இருப்பதால் அது ஆக்ஸிஜனோடு கரியமில வாயுவையும் சேர்த்து விழுங்கிவிடும். 18.6 பங்கு ஆக்ஸிஜன் என்று அளவு காட்டும். பிறகு பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடுக்கு அனுப்பினால் கரியமில வாயு ஒன்றுமே இல்லை என்று தெரியவரும். எரிந்துகொண்டிருக்கும் அடுப்பில் எதுவுமே எரியவில்லை என்று முடிவுகட்ட வேண்டியதுதான்! குப்ரஸ் குளோரைடை முதலில் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். அது ஆக்ஸிஜனையும் கரியமில வாயுவையும்கூட விட்டுவைக்காது. திரவமும் பொய் சொல்லவில்லை. பியூரெட்டும் பொய் சொல்லவில்லை. கேள்வியை முறை தவறிக் கேட்டதால் விடை பொய்யாகிவிட்டது. எதை எதற்கு முன் கேட்கவேண்டும் என்று அறிவதும் அறிவியலில் பாதி என்பதை வேறு எந்தப் பாடம் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிடும்?

இனி அந்த 0.6 பங்கைக் கவனியுங்கள். பார்வைக்கு அற்பமான எண். ஆனால் ஒரு கிலோ கார்பன் முழுமையாக எரிந்து கரியமில வாயுவானால் ஏறக்குறைய 7,800 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்ஸைடானால் ஏறக்குறைய 2,200 கிலோகலோரிதான். மீதி வெப்பம் புகைபோக்கி வழியே ஆகாயத்துக்குப் போகிறது. நம் உதாரணத்தில் எரிந்த கார்பன் 12.6 பங்கு, அதில் 0.6 பங்கு அரைகுறையாக எரிந்தது. கணக்கிட்டுப் பார்த்தால், கார்பன் தரக்கூடிய வெப்பத்தில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குக்கு அருகில் நட்டம். நூறு மூட்டைக் கரி வாங்கி மூன்றரை மூட்டையைத் தெருவில் கொட்டியதற்கு ஒப்பாகும். காற்றை அதிகமாகத் திறந்துவிட்டாலோ, தேவையற்ற காற்றைச் சூடாக்கி வெளியே அனுப்புகிற வேறொரு நட்டம் வந்து சேரும். ஆக்ஸிஜன் அளவு அதைக் காட்டிக்கொடுக்கும். அளந்து ஊதினால்தான் அடுப்பு சிக்கனமாக எரியும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. ஆர்சாட் கருவி பிறந்தது கரியை மிச்சப்படுத்த. அதாவது காசை மிச்சப்படுத்த. அதில் குற்றமில்லை, சிக்கனம் நல்ல குணமே. ஆனால் அதே கார்பன் மோனாக்ஸைடு மனித உயிரையும் குடிக்கிறது என்ற கேள்வி அந்தப் பெட்டிக்கு வெளியேதான் நின்றது.

கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனோடு சேர்வதைப்போல் இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இவ்வாயுவோடு சேர்ந்துகொள்கிறது. மூச்சு நடக்கிறது, ஆனால் உடம்புக்குப் பிராணவாயு எட்டுவதில்லை. காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இவ்வாயு கலந்திருந்தாலே சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து. அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு ஆர்சாட் கருவியில் எவ்வளவு தெரியுமா? 100 மில்லிலிட்டரில் 0.1 மில்லிலிட்டர். பியூரெட்டில் கண் வைத்துப் படிக்கக்கூடிய எல்லைக்கே அது வந்துவிடுகிறது. கொதிகலனுக்கு "இல்லை" என்று சொல்லத்தக்க அளவு, மனிதருக்கு மரண அளவு! கருவி "இல்லை" என்று சொன்னால், "என்னால் காண இயலும் அளவில் இல்லை" என்றுதான் பொருள் கொள்ளவேண்டும். இது புகைக்கு மட்டுமல்ல, எல்லா அளவைக்கும் பொருந்தும் பாடம்.

சுரங்கத் தொழிலாளரின் வரலாறும் இதையே சொல்கிறது. 1896இல் வேல்ஸ் நாட்டின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடி விபத்து நேர்ந்தது. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்தார். பெரும்பாலோர் வெடியால் இறக்கவில்லை. வெடிக்குப் பின் பரவிய கார்பன் மோனாக்ஸைடால் இறந்தார்கள் என்று அவர் கண்டார். மனிதருக்கு முன்பே மயங்கிவிடும் சிறு பிராணிகளைச் சுரங்கத்துக்குள் எடுத்துச் செல்லுமாறு அவர் யோசனை சொன்னார். அதன்படி கேனரி என்னும் மஞ்சள் நிறச் சிறு பறவைகள் தொழிலாளரின் காவலாயின. பிரிட்டிஷ் சுரங்கங்களில் அப்பறவைகளுக்கு ஓய்வளித்து மின்னணுக் கருவிகளைக் கொண்டுவரும் முடிவு 1986இல்தான் எடுக்கப்பட்டது. சுவாசக் காற்றை நுட்பமாக அளக்க ஹால்டேன் அமைத்த கருவியிலும் வேலை செய்தவை நம் பழைய நண்பர்களான பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடும் பைரோகலாலுமே.

ஆலைக்குக் கருவி வந்தது. சுரங்கத்துக்குப் பறவை வந்தது. அடுப்படிக்கு என்ன வந்தது? 1980களின் தொடக்கத்தில்தான் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞர் இந்திய அறிஞர்களோடு சேர்ந்து, குஜராத் கிராமங்களில் விறகும் வறட்டியும் வைத்துச் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்தார். இந்திய அடுப்படியை அளந்த முன்னோடி முயற்சிகளில் அது ஒன்று. ஆர்சாட் கருவிக்கும் அதற்கும் இடையே ஒரு நூற்றாண்டு! வீட்டுக்குள் உண்டாகும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 32 லட்சம் பேர் அகால மரணம் அடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நம் நாட்டில் 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் வழியே கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்புக் கிடைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இணைப்பு இருந்தும் அடுத்த உருளை வாங்கக் காசில்லாமல் விறகுக்குத் திரும்புவோரும் உண்டு. அவர்களை மறந்துவிட்டு "பிரச்சினை தீர்ந்தது" என்று நாம் எழுதிவிட முடியாது.

எரிவாயு வந்துவிட்ட வீடுகளுக்கும் கவனம் தேவை. உருளை கசிந்தால் நமக்கு வாடை தெரிகிறது. அவ்வாடை எரிவாயுவின் சொந்த வாடையன்று; எச்சரிக்கைக்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். ஆனால் அரைகுறையாக எரிந்து பிறக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு அந்த வாடையும் இருப்பதில்லை. காற்றோட்டமில்லாத குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவியை வைத்து உயிரிழந்தவர்களைப் பற்றியும், மலைப்பிரதேசங்களில் குளிருக்காக மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கி எழாமலே போனவர்களைப் பற்றியும் செய்தித்தாள்களில் அவ்வப்போது படிக்கிறோம். "என்ன நோயோ, என்ன விதியோ" என்று பேசிக் கலைந்துவிடுகிறோம். நோயுமல்ல, விதியுமல்ல, வேதியியல். தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

"இன்று எல்லாவற்றுக்கும் மின்னணுக் கருவி வந்துவிட்டதே! பித்தானை அழுத்தினால் எண் தெரிகிறது. பழைய திரவங்களைப் பற்றி ஏன் படிக்கவேண்டும்?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். சிர்க்கோனியா உணர்வி ஆக்ஸிஜனையும், அகச்சிவப்புக் கதிர் கார்பன் மோனாக்ஸைடையும் கரியமில வாயுவையும் நொடிப்பொழுதில் காட்டுகின்றன. பெரிய ஆலைகளின் புகைபோக்கிகளில் அவை இரவும் பகலும் இடைவிடாமல் அளக்கின்றன. அவற்றை வேண்டாமென்று சொல்வது அறிவீனம். ஆனால் எண்ணைத் தருவது வேறு. எண்ணைப் புரிந்துகொள்வது வேறு. ஆர்சாட் பெட்டியில் வேலை செய்தவளுக்கு, இந்த அளவில் நீராவி சேரவில்லை என்று தெரியும். நிலக்கரியில் கந்தகம் இருந்தால் கந்தக டை ஆக்ஸைடும் முதற் குமிழிலேயே கரைந்து கரியமில வாயுவின் கணக்கில் ஏறிவிடும் என்று தெரியும். நைட்ரஜன் என்று எழுதியது மிச்சம்தான், முன்னே நேர்ந்த பிழைகளெல்லாம் அதன் தலையில்தான் விழும் என்று தெரியும். பித்தானை மட்டும் அழுத்தியவளுக்கு எண்ணை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. பொறியியல் கல்லூரிச் சோதனைக் கூடங்களில் இக்கருவியை இன்னும் வைத்திருப்பது பழமையின்மேல் உள்ள பாசத்தால் அல்ல.

"இத்திரவங்கள் ஆபத்தானவை அல்லவா?" என்று பெற்றோர் கேட்பதையும் மதிக்கிறோம். உண்மை. பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு தோலையும் கண்ணையும் அரிக்கும்; பைரோகலால் நச்சுப்பொருள். சிறு வகுப்புப் பிள்ளைகள் கையில் இவற்றைக் கொடுக்குமாறு நாங்கள் சொல்லவில்லை. சிறியோருக்குத் தெளிந்த சுண்ணாம்பு நீர் போதும். அது கரியமில வாயு பட்டுப் பாலாக மாறுவதைக் கண்டாலே "ஒரு திரவம் ஒரு வாயுவைப் பிடிக்கும்" என்ற அடிப்படை மனதில் பதிந்துவிடும். மேல்வகுப்பில், ஆசிரியை கண்ணாடியும் கையுறையும் அணிந்து செய்து காட்ட, மாணவியர் அளவுகளைப் படித்துக் கணக்கிடட்டும். ஆபத்தை அறிந்து கையாளக் கற்பதும் கல்வியே.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் மூன்று.

பள்ளி நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்: ஆண்டுதோறும் நடக்கும் அறிவியல் கண்காட்சியில் ஆர்சாட் கருவியின் மாதிரி ஒன்றும், அருகிலேயே வீட்டு அடுப்புக்கும் காற்றோட்டத்துக்கும் ஒரு மேசையும் இடம்பெறட்டும். பார்க்க வரும் அம்மாமார் முதலில் நிற்பது அந்த இரண்டாம் மேசையின் அருகில்தான்.

பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்: வீட்டில் ஆர்சாட் கருவி இல்லாவிட்டாலும் பாத்திரத்தின் அடி இருக்கிறது. எரிவாயு அடுப்பின் சுடர் நீலமாக இருந்தால் நலம்; மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் காற்றுப் போதவில்லை என்று பொருள். அடுப்பின் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். அடுப்படி சன்னலை மூடி வைக்காதீர்கள். எரிவாயு வெந்நீர்க் கருவியைக் குளியலறைக்குள் வைக்கவே வேண்டாம். குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவதற்காகத் தணல் வைத்த அறையைச் சாத்தவும் வேண்டாம்.

தோழியரைக் கேட்டுக்கொள்கிறோம்: கொதிகலனும் புகைபோக்கியும் ஆண்களின் உலகம் என்று ஒதுங்காதீர்கள். 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்துக்குப் பின், ஆலைகளில் எரிபொருள் எங்கே வீணாகிறது என்று கண்டறிந்து சொல்லும் எரிசக்தித் தணிக்கையாளர் பதவிக்கென்றே தேசிய அளவில் தேர்வு நடந்து வருகிறது. மளிகைக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடிக்கும் பரம்பரையில் வந்தவர்கள் நாம். புகையில் போகும் மூன்றரை மூட்டைக் கரியைக் கண்டுபிடிப்பது நமக்குப் பெரிய காரியமா?

மூன்று திரவங்களும் தத்தம் வேலையை ஓசையின்றிச் செய்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக, பொறுமையாக, அளவு நிலைத்து நிற்கும் வரை மீண்டும் மீண்டும் வாயுவைச் செலுத்தினால்தான் அவை உண்மையைச் சொல்லும். கொதிகலனுக்குக் காட்டிய அந்தப் பொறுமையை இனி அடுப்படிக்கும் காட்டுவோம். காசை மிச்சப்படுத்த அளந்த உலகம், அம்மாவின் மூச்சைக் காப்பாற்றவும் அளக்கட்டும்.